கையுறை போட்ட ஒலிப்பதிவாளர்

பகலில் கண் பரிசோதனை. மாலையில் ஜாஸ் ஒலிப்பதிவு. ரூடி வான் கெல்டரின் முதல் ஸ்டூடியோ, அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஹாக்கன்சாக் ஊரில் இருந்த பெற்றோர் வீட்டுக் கூடம்தான். பியானோ மேதை தெலோனியஸ் மங்க் தன் இசைப்படைப்பு ஒன்றுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். இதைவிடப் பெரிய மரியாதை ஏது!

மைக்கை இசைக்கலைஞர்கள் தொடக் கூடாது. வான் கெல்டரும் கையுறை போட்டே கையாள்வார். அந்தக் கண்டிப்பின் பலன் காதில் விழும்: சாக்ஸபோன் ஊதுபவரின் மூச்சு, சிம்பலில் குச்சி படும் நொடி, எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல. ஆனால் ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸுக்கு இது பிடிக்கவில்லை. வாசிப்பவரின் நாதத்தையே மாற்றிவிடுகிறார் என்று குறைப்பட்டார்.

1959இல், அதே நியூஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரையுடன் புது ஸ்டூடியோ எழுந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பம் 1964 டிசம்பரில் பதிவானது அங்கேதான்.