மோட்டார் வண்டிக்கு மெருகிடும் முறை

ஒரு தொழிலுக்கு வேண்டும் பொருள்கள் யாவும் நல்லனவாக அமைந்தும், அவற்றை முன்பின் மாறிக் கையாள்வதால் அத்தொழில் கெடுவதுண்டு. தச்சன் மேசைக்கு வார்னிஷ் பூசி முடித்த பின்னர் உப்புத்தாளை எடுப்பதில்லை. கொத்தன் வெள்ளையடித்த சுவரின்மேல் மறுபடி சாந்து பூசுவதில்லை. இவை யாவர்க்கும் தெரிந்தனவே. ஆயினும், பெரும்பொருள் கொடுத்து மோட்டார் வண்டி வாங்கியோருட் பலர் அவ்வண்டியின் மேனியைப் பேணுவதில் இத்தகைய முறைமாற்றத்தையே செய்து வருகின்றனர். கடைக்குச் சென்றால் ஷாம்பூ, காம்பவுண்டு, பாலிஷ், கிளேஸ், வாக்ஸ், சீலண்டு, செராமிக் கோட்டிங் எனப் பல குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. குப்பிதோறும் பளபளப்பு என்னும் ஒரே வாக்குறுதி எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுள் எதனை முன்னும் எதனைப் பின்னும் இடுவது என்பதையும், அவ்வாறு இடுதற்குரிய காரணத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். காரணம் விளங்குமாயின், வரிசையை நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை.

முதற்கண் நாம் மெருகிடப் புகும் பொருள் யாதென அறிதல் வேண்டும். இக்காலத்து வண்டியின் இரும்புத் தகட்டின்மேல் பெரும்பாலும் நான்கு பூச்சுகள் உள்ளன. அடியில் இருப்பது மின்சாரத்தின் துணையால் படியவைக்கப்படும் துருக்காப்புப் பூச்சு. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற தெளிபூச்சு. இந்நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனமுடையன. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலுள்ள தெளிபூச்சு மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் சற்றேறக்குறைய 70 மைக்ரான் என்று கூறினால், நாம் எத்துணை மெல்லிய படலத்தின்மேல் கைவைக்கின்றோம் என்பது விளங்கும். காம்பவுண்டும் பாலிஷும் தேய்ப்பது இப்படலத்தையே.

முற்காலத்து வண்டிகளின் நிலைமை வேறு. தொடக்கத்தில் குதிரைக் கோச்சுகளைப்போலவே மோட்டார் வண்டிகளுக்கும் எண்ணெய் வார்னிஷ் பூசினர். பல பூச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக உலர்ந்து முடிய வாரக்கணக்கில் நாள் பிடித்தது. ஃபோர்டு கம்பெனியாரின் மாடல் டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்யப்பட்டது. பின்னர் டூபாண்ட் கம்பெனியார் டூக்கோ என்னும் பெயரால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை வெளியிட்டனர். 1924-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லாண்டு வண்டிகளுக்கு அதனை நீலநிறத்திற் பூசி விற்றனர். அது விரைவில் உலர்ந்தமையால் பலநிற வண்டிகள் எளிதிற் செய்யலாயின. அவ்வகைப் பூச்சுகளில் மேற்பரப்பிலேயே நிறம் கலந்திருந்தது. ஆதலின் மெருகிடுபவன் கையிலுள்ள துணியில் வண்டியின் நிறம் ஏறும்; எவ்வளவு தேய்ந்தது என்பதை அவன் கண்ணாரக் கண்டு அஞ்சுவான்.

1980-களிலிருந்து தெளிபூச்சு பரவலாக வழங்கத் தொடங்கியபின் அவ்வெச்சரிக்கை மறைந்துவிட்டது. இன்று எத்துணைத் தேய்த்தாலும் துணியில் நிறம் ஏறுவதில்லை. ஆகவே நட்டம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆனால் தெளிபூச்சிலன்றோ வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்துள்ளது! அப்பூச்சு மிகவும் மெலிந்தால், கூரையிலும் பானெட்டிலும் வெண்மை படர்ந்து, நாளடைவில் தோலுரிவதுபோல் உரியும். அதன்பின் எந்தப் பாலிஷாலும் அதனை மீட்க இயலாது; மறுபடி பெயிண்ட் அடிப்பதொன்றே வழி. வண்டியின் ஆயுள் முழுமைக்கும் அளிக்கப்பட்ட முதல் இச்சிறு படலமே. அதிலிருந்து எடுத்துச் செலவிடலாமேயன்றி மீட்டும் கட்ட இயலாது. முறைதவறி இரண்டு முறை தேய்ப்பவன் ஒரு பயனுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறான்.

இனி, பளபளப்பு என்பது யாது? வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. கீறலுள்ள பரப்பில் விழுவது பலதிசையிலும் சிதறுகிறது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், கண்ணாடியை மணலாலும் நுண்பொடிகளாலும் தேய்க்கும்போது கீறல்கள் ஒழிந்து போவதில்லை என்றும், பொடி நுண்ணியதாக ஆகக் கீறல்களும் நுண்ணியவாகிக் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன என்றும் விளக்கியிருக்கிறார். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையே. கீறல்கள் அவ்வளவினும் மிகச் சிறியனவாயின், ஒளியைச் சிதறச் செய்யும் ஆற்றல் அவற்றிற்குப் பெரிதும் குன்றுகிறது. ஆகவே மெருகிடுதல் என்பது பெரிய கீறலை நீக்கி அதனிடத்தில் சிறிய கீறலை வைப்பதேயாம். கரடானதை முன்னும் நுண்ணியதைப் பின்னும் பயன்படுத்த வேண்டும் என்னும் விதி இதனாற் பெறப்படுகிறது.

இவ்வுண்மையைக் கொண்டு எந்தக் குப்பியைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டறியலாம். இது பரப்பிலிருந்து எதையேனும் எடுப்பதா, அன்றிப் பரப்பின்மேல் எதையேனும் இடுவதா? எடுப்பதாயின், அதன் கரடு எவ்வளவு? எடுப்பன யாவும் முன்; இடுவன யாவும் பின். எடுப்பனவற்றுள், ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கை எடுப்பன முன். பூச்சையே எடுப்பன பின். அவற்றுள்ளும் கரடு முன், நுண்மை பின். பெயர்கள் எத்தனை மாறினும் இம்முறை மாறுவதில்லை.

முதலாவது, கழுவுதல். காலைதோறும் உலர்ந்த துணியால் வண்டியைத் தட்டித் துடைக்கும் வழக்கம் நம் ஊர்களில் மிகுதி. மேனிமேற் படிந்த தூசியில் மணல் துகள் உண்டு; உலர்துணி அதனை இழுத்துச் செல்லும்போது ஒவ்வொரு துகளும் ஓர் உளியாகிறது. வெயிலில் நிறுத்திய கறுப்பு வண்டியில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோற் காணப்படும் கோடுகள் பெரும்பாலும் இவ்வாறு பிறந்தவையே. அவை உண்மையில் எல்லாத் திசையிலும் கிடப்பன; ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. ஆதலின் முதலில் தண்ணீரைப் பாய்ச்சித் தூசியைக் கழித்து, பின்னர் ஷாம்பூ நீரால் மேலிருந்து கீழாகக் கழுவுதல் வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ நீரும், மற்றொன்றில் துணியை அலசுதற்கு வெறும் நீரும் வைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, கழுவியும் போகாதவற்றை நீக்குதல். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், சாலைத் தார், மரப்பால் முதலியன பூச்சில் ஊன்றி நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பரப்பைத் தடவினால் அவை சொரசொரப்பாகத் தட்டுப்படும். இரும்பை நீக்கும் திரவத்தைத் தெளித்தால் அது துகளோடு கூடி ஊதா நிறமாக வழியும்; அந்நிறமே அங்கு இரும்பு இருந்தமைக்குச் சான்று. தாரை அதற்குரிய கரைப்பானாற் போக்கலாம். எஞ்சியவற்றைக் களிமண்போற் பிசையத்தக்க கிளே என்னும் பொருளால், வழுக்கும் நீர் தெளித்து மெல்லத் தேய்த்தெடுப்பர். கிளே தானும் சிறு கீறல்களை விட்டுச் செல்வதுண்டு. ஆகையால் அது பாலிஷுக்கு முன்னரே வருதல் வேண்டும். இப்படியைத் தாண்டிச் சென்றால், ஒட்டியிருந்த துகள்கள் மெருகிடும் பஞ்சில் அகப்பட்டுக்கொண்டு வண்டி முழுதும் கீறும்.

மூன்றாவது, காம்பவுண்டும் பாலிஷும். இவ்விரண்டிலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்பொடி கலந்துள்ளது. காம்பவுண்டில் வெட்டும் ஆற்றல் மிகுதி, பாலிஷிற் குறைவு. அவற்றைத் தாங்கும் கம்பளியும் கடினப் பஞ்சும் மிகுதியாக வெட்டும்; மென்பஞ்சு குறைவாக வெட்டும். கரடு முன் என்று மேலே கூறினோம். அதனால் எல்லா வண்டிக்கும் காம்பவுண்டிலிருந்தே தொடங்குக என்று கொள்ளலாகாது. முதலில் ஒரு சாண் அகலமுள்ள இடத்தில், மென்மையான பாலிஷை மென்பஞ்சால் இட்டுச் சோதித்தல் வேண்டும். கீறல் மறைந்ததாயின் அதுவே போதும், காம்பவுண்டு வேண்டுவதில்லை. மறையவில்லையாயின் ஒருபடி கரடானதை நாடலாம். சோதனை மென்மையிலிருந்து கடுமைக்குச் செல்லும். வேலை கடுமையிலிருந்து மென்மைக்கு வரும். இவ்விரண்டையும் மயங்கவைத்தலே பலரும் படும் இடர்ப்பாட்டிற்குக் காரணம்.

நகத்தால் நெருடும்போது தட்டுப்படுமளவு ஆழ்ந்த கீறலை முற்றும் போக்க முயலாமல், விளிம்பை மட்டும் மழுக்கிவிட்டு அமைதல் அறிவுடைமை. அதனைப் போக்கவேண்டின் சுற்றிலுமுள்ள தெளிபூச்சு முழுவதையும் அவ்வாழத்திற்குத் தாழ்த்த வேண்டிவரும். கதவின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்குமாதலால், அங்கே இயந்திரத்தை அழுத்தலாகாது. வெயிலில் சுடும் தகட்டின்மேல் வேலை செய்வதும் தகாது. திரவம் உடனே உலர்ந்து பொடி உருண்டு கீறும். பூச்சின் கனத்தை அளக்கும் கருவியும் உண்டு. எனினும், சாதாரணக் கருவி நான்கு பூச்சுகளின் மொத்தக் கனத்தையே காட்டுமாதலால், அதில் தெளிபூச்சின் பங்கு இவ்வளவென்று அதுகொண்டு துணிதல் இயலாது.

நான்காவது, பலரும் விட்டுவிடும் ஒரு சிறு படி. காம்பவுண்டிலும் பாலிஷிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அது கீறல்களின் பள்ளத்தை நிரப்பி, அவை ஒழிந்தனபோற் காட்டும். சுவிசேஷத்தில் வரும் வெள்ளையடித்த கல்லறை உவமைக்கு இதைக்காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நீர் கலந்து தெளித்துத் தூய துணியால் துடைத்தால் அப்பசை நீங்கி மெய்நிலை வெளிப்படும். கூலிக்கு வேலை செய்விப்போர், பணம் கொடுக்குமுன் ஓரிடத்தை இவ்வாறு துடைத்துப் பார்ப்பது தக்கது. கீறல் மீண்டும் தோன்றுமாயின், செய்தது மறைப்பேயன்றி நீக்கமன்று.

ஐந்தாவது, காப்பிடுதல். இங்கே எடுப்பது முடிந்து இடுவது தொடங்குகிறது. செராமிக் கோட்டிங், சீலண்டு, வாக்ஸ் ஆகிய மூன்றும் காப்புப் பொருள்களே. வாக்ஸுகளிற் சிறந்ததாகக் கருதப்படும் கார்னோபா, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. ஏறக்குறைய 82 முதல் 86 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். இவற்றுள் பூச்சோடு இறுகப் பற்றவேண்டியது எதுவோ அதுவே பூச்சுக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும். செராமிக் கோட்டிங் வெறும் பரப்பையே பற்றும். ஆதலின் அதற்குமுன் கிளேஸோ வாக்ஸோ இடலாகாது. சீலண்டும் அத்தன்மையதே. வாக்ஸ் எதன்மேலும் தங்குமாதலால் அது கடைசியில் வரும். கிளேஸ் என்பது கீறலை நிரப்பி அழகு காட்டுவது. அதனை வேண்டுவோர் பாலிஷுக்குப் பின்னும் வாக்ஸுக்கு முன்னும் இடலாம். அதன் அழகு சிலநாளைக்கே நிற்கும் என்பதையும் மறத்தலாகாது.

முறை பிறழ்ந்தால் நேர்வன யாவை எனத் தொகுத்துக் கூறுவோம். கழுவுமுன் பாலிஷ் இட்டால் மணலை அரைத்துப் பூசியதாகும். பாலிஷுக்குப்பின் காம்பவுண்டு இட்டால் முன்செய்தது வீணாகி, இன்னொரு முறை பாலிஷ் வேண்டும். தெளிபூச்சு அத்துணையும் குறையும். வாக்ஸுக்குப்பின் பாலிஷ் இட்டால் வாக்ஸ் வழித்தெடுக்கப்படும். வாக்ஸின்மேல் செராமிக் இட்டால் அது பற்றாமல் விரைவில் கழன்றுபோகும்; அதற்குக் கொடுத்த பெருந்தொகையும் உடன்போகும்.

பாலிஷும் வாக்ஸும் ஒருங்கே கலந்த குப்பிகளும் விற்கின்றனர். அவை எடுப்பதும் இடுவதும் ஒருசேரச் செய்வன. கழுவிக் கிளே இட்டபின் அவற்றை இடலாம். அன்றாடம் ஓடும் வண்டிக்கு அது போதுமானதே. ஆனால் அவற்றின்மேல் செராமிக் இட நினைப்பது வீண்.

மேற்கூறிய ஐந்து படிகளும் எப்பொழுதும் ஒருங்கே வேண்டுவனவல்ல. கழுவுதல் அடிக்கடி வேண்டும்; வாக்ஸ் சில மாதங்களுக்கு ஒருமுறை; காம்பவுண்டு மிக அருமையாக. இருக்கும் மெருகைச் செவ்வையாகக் கழுவிக் காப்பவனுக்கு மெருகிடும் வேலையே பெரும்பாலும் நேராது. எடுக்கும் கைக்கு அளவும், இடும் கைக்கு முறையும் இருக்குமாயின், மயிரினும் மெல்லிய அப்படலம் வண்டி ஓடுங்காலமெல்லாம் நிலைத்து நிற்கும்.