பச்சைச் சீருடை: எண்ணெய்க் கறை எந்த வீட்டுக்குப் போகிறது?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்துவிட்டால் வாகன ஆலைகளில் மரக்கன்று நடுவார்கள். இப்போது சில இடங்களில் கூடவே இன்னொரு சடங்கும் சேர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூற்ற துணியில் புதுச் சீருடை தைத்து, தொழிலாளர் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சட்டையோடு வெல்டிங் பிரிவுக்குள் போகப்போவது யார், எண்ணெய் ஊறியதும் அது யார் வீட்டு வாளியில் நனையும், கிழிந்த பிறகு எந்தக் குழியில் எரியும் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

பாட்டில் துணியைக் குறை சொல்வதற்கில்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேலங்கியின் பாட்டில் துணி கரூரில் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் தயாரித்தது. பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்காக இந்தியன் ஆயில் அறிவித்த ‘அன்பாட்டில்டு’ சீருடை ஒன்றுக்குச் சுமார் 28 பாட்டில்கள் பிடிக்கும் என்று அந்த நிறுவனமே சொன்னது. குப்பைக்குப் போக வேண்டியது துணியானால் நல்லதுதான். ஆனால் துணி எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியோடு சுற்றுச்சூழல் கணக்கை முடித்துக்கொள்கிறார்களே, அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

பாட்டிலிலிருந்து வந்தாலும் பாலியெஸ்டர் பாலியெஸ்டர்தான். 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும். உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். காரின் வெளிக்கூட்டுப் பாகங்களை ஒட்டும் வெல்டிங் பிரிவில் பறக்கும் பொறி அதைவிடப் பல மடங்கு சூடானது. அங்கே ஐஎஸ்ஓ 11611 தரத்தில் சோதிக்கப்பட்ட, தீப்பற்றலைத் தாமதப்படுத்தும் துணிதான் வேண்டும். பெயின்ட் பிரிவில் நிலைமை நேர் எதிர். பஞ்சு உதிரும் பருத்தி அங்கே ஆகாது. நிலைமின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழை ஓடிய பாலியெஸ்டரே பொருத்தம். அசெம்பிளி லைனில் காரின் பெயின்டைக் கீறாதபடி பித்தானும் ஜிப்பும் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். ‘ஆலை முழுக்க ஒரே பச்சைச் சீருடை’ என்று ஆர்டர் போடுகிறவர் வெல்டிங் பிரிவை ஒரு நாள் சுற்றிப் பார்த்திருந்தால் அப்படிப் போட மாட்டார். தீத்தடுப்புத் துணியை வீட்டில் பிளீச்சிங் போட்டு வெளுத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இதை எழுதி ஒட்டியிருக்கும் ஆலைகள் அரிது.

அடுத்தது எண்ணெய். இதை யாரும் பொருட்படுத்துவதே இல்லை. லேத், கிரைண்டிங், பிரஸ் பிரிவுகளில் கட்டிங் ஆயிலும் கூலன்ட்டும் தொடைப்பக்கத் துணியில் நாள் முழுக்க ஊறுகின்றன. எண்ணெய் துடைத்த துணியைப் பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் பழக்கம் வேறு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில், எண்ணெய் தெறித்த கால்சட்டையோடு ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வந்தது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்த சங்கதி. சுத்திகரிக்கப்படாத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. எண்ணெயால் வரும் பருவும் தோல் அழற்சியும் நம் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களாக இருக்கின்றன. பழைய பிரேக் லைனிங்கைத் தேய்க்கும் ஷெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தூசும் சேரலாம். கணவரின் வேலை உடையைத் துவைத்ததாலேயே மனைவிக்கு நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்த கதைகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே எண்ணெய் ஊறிய சீருடை வீட்டுக்குப் போகக் கூடாது. குழந்தையின் பள்ளிச் சட்டையோடு ஒரே வாளியில் ஊறவே கூடாது.

அப்படியானால் யார் துவைப்பது? துவைக்க ஏற்பாடு செய்ய வேண்டியது நிர்வாகம்தான். ஆலைக்குள் சலவைப் பிரிவு இருக்கலாம், அல்லது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்ற தொழில் சலவையகத்தோடு ஒப்பந்தம் போடலாம். இசைவாணை இல்லாத இடத்தில் போட்டால் எண்ணெய் ஊர்ச் சாக்கடைக்குப் போகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 24ஆம் பிரிவு, கழுவுமிடமும் குளியலறையும் லாக்கர் அறையும் தரச் சொல்கிறது. 6ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளரிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் 114ஆம் பிரிவு இதையே சொன்னது. இது கான்ட்ராக்ட் தொழிலாளருக்குப் பொருந்தாது என்று எந்த மேற்பார்வையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நிரந்தரத் தொழிலாளிக்கு மூன்று செட், கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒன்று, அதற்கும் சம்பளத்தில் பிடித்தம் என்று நடப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. பாதுகாப்பு உடைக்குப் பிடித்தம் செய்தால் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையில் உரிமைக் கோரிக்கை மனு கொடுக்கலாம். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சம்பளச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

சலவை, லாக்கர், பொருந்தாத துணி ஆகியவை பற்றிய புகார் மாவட்டத்திலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்குப் போக வேண்டும். கழிவு பற்றிய புகார் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ‘இது எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்ற ஒற்றை வரி பதிலோடு கோப்பு மூடப்படும். தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். ஆலையின் பெயர், பிரிவு, ஷிஃப்ட், எண்ணெயின் பெயர், டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம், அந்த எண்ணெயின் பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டும் தரப்படவில்லை என்ற விவரம் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். புகார்தாரர் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒப்புகை இல்லாமல் கொடுத்த மனு, கொடுக்காத மனுதான்.

தோலில் கொப்புளமோ கறுப்புப் பருவோ வந்தவர்கள் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு காலத்தைக் கடத்துகிறார்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் இஎஸ்ஐ மருத்துவமனைக்கே போக வேண்டும். ‘அலர்ஜி’ என்று மட்டும் ஓ.பி. சீட்டில் எழுதவிடக் கூடாது. எந்த எண்ணெய், எத்தனை ஆண்டு வேலை என்பதும் அதில் ஏற வேண்டும். தொழில்சார் நோயை வேலைக் காயத்துக்குச் சமமாக நடத்தும் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

சீருடை வாங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ‘மறுசுழற்சித் துணி’ என்று காலரில் தைத்த லேபிள் ஆதாரமாகாது. சப்ளையர் காட்டும் ஸ்கோப் சர்டிஃபிகேட், அந்த ஆலை அப்படிப்பட்ட துணியைக் கையாளத் தகுதி பெற்றது என்று மட்டுமே சொல்லும். கைக்கு வந்த இந்தச் சரக்கு அதுதானா என்று சொல்வது டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட். ஒவ்வொரு சரக்குக்கும் அதைத் தனியாகக் கேட்டு வாங்கி, அதன் எண்ணைச் சான்றளித்த நிறுவனத்திடமே சரிபார்க்க வேண்டும். சப்ளையர் அனுப்பிய இணைப்பில் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல. 2020இல் இந்தியாவில் போலி டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட்டுகளை வைத்து 20,000 டன் பருத்தியை ‘ஆர்கானிக்’ என்று நகர்த்தியதை சர்வதேச ஆர்கானிக் ஜவுளித் தர அமைப்பான காட்ஸ் (GOTS) தானே கண்டுபிடித்து அறிவித்தது. அந்தப் போலிகளில் இருந்த கியூஆர் கோடு, அரசுத் தளம் போலவே கட்டிய பொய்த் தளத்துக்குப் போனது. சாயம் எங்கே போட்டது, அந்தச் சாயப்பட்டறை கழிவுநீரை வெளியேற்றாத முறையில் இயங்குகிறதா என்பதும் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு நிபந்தனையாக வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது எதனால் என்பதை நொய்யல் ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியாகக் கிழிந்த சீருடை. வேஸ்ட் துணி வியாபாரிக்கு எடைக்குப் போடுவது, வெட்டி மெஷின் துடைப்பது, இரவில் மதில் ஓரம் எரிப்பது ஆகிய மூன்றும் நடக்கின்றன. கம்பெனி முத்திரையைக் கிழிக்காமல் விற்றால் அதைப் போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் கேட்டுக்குள் நுழையலாம் என்ற யோசனைகூட இருப்பதில்லை. எண்ணெய் துடைத்த துணி 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் முதல் அட்டவணையின் 33.2ஆவது இனம். 90 நாள்களுக்கு மேல் அதைத் தேக்கி வைக்கக் கூடாது. அனுமதி பெற்ற இடத்துக்குத்தான், உதாரணமாகக் கும்மிடிப்பூண்டியிலுள்ள பொதுக் கழிவுச் சுத்திகரிப்பு மையத்துக்கு, படிவம் 10 மேனிஃபெஸ்ட்டோடு லாரியில் போக வேண்டும். ஆண்டுக் கணக்கைப் படிவம் 4இல் ஜூன் 30க்குள் வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஆலை அந்தக் கணக்கை உண்மையிலேயே கொடுத்ததா என்று அறிய தகவல் உரிமைச் சட்டம் போதும். வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன், ஆலையின் முழுப் பெயரையும் நிதியாண்டையும் குறிப்பிட்டு, ‘படிவம் 4இன் நகல், அதில் 33.2ஆவது இனத்தின் அளவு’ என்று மட்டும் கேட்க வேண்டும். ‘ஆலை மாசுபடுத்துகிறதா’ என்று கேட்டால் அது கருத்துக் கேட்பது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். அங்கும் முறையான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.