குழி வழுக்கினால் குற்றம் யாருடையது?

காஷ்மீரி கேட் உதிரி பாகக் கடைகளிலும், சாவ்ரி பஜாரின் இரும்புச் சாமான் கடைகளிலும், தலையில் ஆறு மூலைக் குழியுடன் கூடிய கறுப்பு போல்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர்கள் இதை 'ஆலன் போல்ட்' என்பார்கள். ஓக்லா, மாயாபுரி, பரிதாபாத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழ் ஃபிட்டர்களுக்கு இது அன்றாடம் கைபடும் சாமான்.

முடுக்கும்போது சாவி சுற்றிக்கொண்டு குழி உருண்டையாகிவிட்டால், மேஸ்திரியிடமிருந்து வரும் முதல் வார்த்தை, "கை சரியில்லை" என்பதுதான். உண்மையில் பல வேளைகளில் தவறு கையில் இல்லை. போல்ட்டின் வரைபடத்திலேயே இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

8 மி.மீ. போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையில் 12.9 என்ற முத்திரை இருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 120 கிலோ இழுப்பைத் தாங்கும் எஃகு என்று இதற்குப் பொருள். இதைச் சரியாக முடுக்க ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும். 20 செ.மீ. நீளமுள்ள ரெஞ்சின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம்.

இந்த விசையில் சுமார் பாதி, தலையின் அடிப்பாக உராய்விலேயே போய்விடுகிறது. சுமார் நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வில் போகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது பத்து சதவீதம்தான். ஆனால் குழிக்கு இந்தச் சலுகை கிடையாது. முழு விசையையும் அதுவே வாங்கியாக வேண்டும். 6 மி.மீ. சாவியின் ஆறு மூலைகளில் ஒவ்வொன்றும் சுமார் 200 கிலோ வீதம் குழியின் சுவரை அழுத்துகிறது!

சாதாரண ஆலன் போல்ட்டில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். தலையின் உயரம் 8 மி.மீ.; குழியின் ஆழம் குறைந்தது 4 மி.மீ. பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜபர் மார்க்கிலேயே அமைந்துள்ள மானக் பவன், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தலைமையகம். அந்த அமைப்பின் ஐ.எஸ். 2269 என்ற தரக் குறிப்பு இந்த வகை போல்ட்டுக்கு உரியது.

சிக்கல் எங்கே?

"இடம் போதவில்லை, தலையைத் தட்டையாக்குங்கள்" என்று இயந்திரம் செய்பவர் தனி போல்ட் கேட்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தட்டைத் தலைக்கு 5 மி.மீ. சாவிதான் பொருந்தும். ஒரு மில்லிமீட்டர்தானே குறைந்தது என்று நினைக்கக் கூடாது. சாவியின் முறுக்குத் தாங்கும் சக்தி அளவின் மும்மடிப்பெருக்கத்தில் மாறுவது. ஆகவே 5 மி.மீ. சாவி, 6 மி.மீ. சாவி தாங்குவதில் 58 சதவீதமே தாங்கும்.

குழியை ஆழமாக்கினால் என்ன? குழியின் அடி மூலைக்கும், தலையும் தண்டும் சேரும் வளைவுக்கும் இடையே உள்ள உலோகம் மெலிந்துவிடும். தலை மூடிபோலப் பிய்ந்து வரும். அகலமாக்கினால் பக்கச் சுவர் பிளக்கும். ஆழத்தைக் குறைத்தால் சாவி மேல் விளிம்பில் மட்டும் நின்று வழுக்கும். பூச்சு கனமாகிக் குழியில் தேங்கினாலும் இதே கதைதான்.

வழி இல்லாமல் இல்லை. தலையின் விட்டத்தைக் கூட்டலாம். 1967-ல் அமெரிக்காவின் காம்கார் நிறுவனம் கொண்டுவந்த ஆறிதழ்க் குழியான டார்க்ஸைப் பயன்படுத்தலாம். அது சுவரை வெளிப்புறமாகப் பிளக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. எதுவும் இயலாவிட்டால், முடுக்கும் அளவைக் குறைத்து வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சில போல்ட்டுகளை உடையும்வரை முடுக்கிப் பார்க்க வேண்டும். முதலில் அறுவது தண்டாக இருக்க வேண்டும், குழியாக இருக்கக் கூடாது. நல்ல வடிவமைப்புக்கு இதுவே உரைகல்.

வழுக்கும் சாவியின் தொல்லை பழையது. கனடாவின் ராபர்ட்சன், நேர்கோட்டுப் பள்ளத்தில் ஸ்குரூ டிரைவர் வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிறகே 1908-ல் சதுரக் குழி ஸ்குரூவை உருவாக்கினார் என்று சொல்வார்கள்.

ஃபிட்டர் செய்ய வேண்டியது

குழியில் உள்ள தூசியையும் பூச்சுக் கட்டியையும் நீக்குங்கள். மூலை தேய்ந்த சாவியைத் தூக்கிப் போடுங்கள். சாவி அடிவரை இறங்கியதா என்று பாருங்கள். கைப்பிடியில் பைப் மாட்டி நீட்டாதீர்கள். டார்க் ரெஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குழி வழுக்குகிறதா? அந்த போல்ட்டைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். தேதி, இயந்திரம், முடுக்கிய அளவு ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கட்டி மேஸ்திரியிடம் கொடுங்கள். ஒரே இடத்தில் நான்கு போல்ட்டுகள் ஒரே மாதிரி வழுக்கியிருந்தால், "கை சரியில்லை" என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. பிரேக்கிலோ பளு தூக்கும் இயந்திரத்திலோ அரைகுறையாக முடுக்கிய போல்ட் ஆளைக் கொல்லும். அந்தச் சீட்டு உங்கள் வேலையை மட்டுமல்ல, இன்னொருவர் உயிரையும் காப்பாற்றக்கூடும்.