ஆச்சி காயப்போட்ட வத்தல்... 32 பக்கத்துக்குள் அடங்குமா?

மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பதிப்பக எடிட்டர், இன்னொருவர் ஆர்ட் டைரக்டர், மூன்றாமவர் லிட்டரரி ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நின்று பேசி முடிப்பவர், நம்மூர் கல்யாணத் தரகர் மாதிரி. கீழே வட்ட மேஜைகளைச் சுற்றி நாங்கள். எல்லோருடைய கதையின் முதல் பக்கமும் ஒரு கட்டாக மேடையில் இருந்தது. யார் பெயரும் அதில் கிடையாது. ஒரு பெண்மணி ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்ததும், `தொடர்ந்து படிப்பேனா, எந்த வரியில் மூடி வைப்பேன்' என்று அந்த மூவரும் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் தாண்டியிருக்கும். அடுத்த தாளின் முதல் வரியை வாசித்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அது என் கதை.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள ஒரு புத்தகம்கூட வந்ததில்லை. பிறகு எப்படி அந்த ஹாலில் போய் உட்கார்ந்தேன் என்பதற்கு அம்மாவின் வத்தலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மா ஆறு மாதம் எங்களோடு வந்து இருந்தாள். ஜூலை வெயிலைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது. பச்சரிசி மாவில் கூழ் காய்ச்சி, ஜவ்வரிசி, பச்சைமிளகாய், சீரகமெல்லாம் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தளத்தில் என் கணவரின் கல்யாண வேட்டியை விரித்து ஊற்றிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, `துணி துவைக்கும் மெஷின் கெட்டுப்போச்சா?' என்று அக்கறையாகக் கேட்டார். ஊரில் என்றால் காக்கா விரட்ட ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். இங்கே காக்கா தொல்லை அவ்வளவாக இல்லை. அணில்தான். சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டி சைஸில் இருக்கும். ``முதுகுல மூணு கோட்டையே காணோம், இது என்ன அணிலு?'' என்பாள் அம்மா. அப்போது ஐந்து வயதான என் மகளைக் கறுப்புக் குடையோடு காவலுக்கு உட்கார வைத்தாள். ஆச்சிக்கு இங்கிலீஷ் வராது. பேத்திக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. அந்த நாலு நாளும் இருவரும் ஒரு குடைக்கடியில் என்னதான் பேசினார்களோ!

அம்மாவுக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. இனி அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், ``ஹாய் ஆச்சி'', ``சாப்டியா?'', ``சாப்டேன்'' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் குடையைப் பற்றி ஒரு படக்கதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மகள் படிக்கும் மொழியில், ஆங்கிலத்தில்.

அமெரிக்காவில் சிறுவர் புத்தகம் எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எஸ்.சி.பி.டபிள்யூ.ஐ. 1971-ல் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்ற இரண்டு இளம் எழுத்தாளர்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது. குழந்தைகளுக்கு எழுதும் வேலை கிடைத்து, `சந்தேகம் கேட்க ஒரு சங்கம்கூட இல்லையே' என்று தேடிப் பார்த்துவிட்டுத் தாங்களே தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு, இந்தியாவிலும்கூட. மண்டலக் கிளைகள் அவ்வப்போது மாநாடு நடத்தும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமையும் வந்தது. நம்மூரில் அழ.வள்ளியப்பாவும் நண்பர்களும் சேர்ந்து சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது 1950-ல். அமெரிக்கச் சங்கத்துக்கு 21 வருடம் மூத்தது! பேங்க் வேலையையும் பார்த்துக்கொண்டு அவர் எழுதினார், சங்கத்தையும் நடத்தினார். ஆபீஸ் வேலைக்கு நடுவே எழுத நேரமில்லை என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

மாநாட்டுக் கட்டணம் எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு. எடிட்டரோடு தனியாக 15 நிமிடம் பேச அதற்கு மேல் தனிக் கட்டணம். ``ஆபீஸ்ல திருப்பித் தருவாங்களா?'' என்றார் கணவர். மாட்டார்கள் என்றதும், ``சரி, போயிட்டு வா. இல்லைன்னா காலம் பூரா சொல்லிக்காட்டுவ'' என்றார்.

காலையில் முதல் வகுப்பே படக்கதை பற்றித்தான். ஆளுக்கு எட்டு வெள்ளைத்தாள் கொடுத்து நடுவில் மடிக்கச் சொன்னார்கள். எட்டுத் தாளையும் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கங்கள். குழந்தைகளின் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கத்தில்தான் வரும். காரணம் கற்பனை அல்ல, அச்சகம். பெரிய தாளில் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று 16 பக்கம் அடித்து மடித்தால் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரத்தில் ஒரு புத்தகம். தலைப்பு, காப்புரிமை, சமர்ப்பணம் என்று முன்பக்கங்கள் போனால், கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 விரிப்புகள். விரிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்து வைத்தால் தெரியும் இரண்டு பக்கங்கள்.

என் கதையைப் பத்தி பத்தியாகக் கத்தரித்து அந்த வெள்ளைப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். எட்டாவது விரிப்பு வரை கூழ் காய்ந்துகொண்டே இருந்தது! அணில் வந்து சேர்ந்ததே பதினோராவது விரிப்பில். என் கதை 1,100 வார்த்தை. இப்போதெல்லாம் 500-க்குள் இருந்தால்தான் நல்லது என்றார் வகுப்பெடுத்தவர். ``பக்கத்தைத் திருப்புவது குழந்தையின் வேலை. அது திருப்புவதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை'' என்றார். ஒட்டியதை எல்லாம் பிய்த்து எடுத்தேன். எதை விடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுபடி அந்த ஹாலுக்கு வருகிறேன். என் முதல் பக்கம் இப்படி ஆரம்பித்திருந்தது: `வடாம் என்பது அரிசி மாவைக் காய்ச்சி வெயிலில் உலர்த்திச் செய்யப்படும் ஒருவகை இந்திய அப்பளம். தென்னிந்தியாவில் பாட்டிமார்கள் கோடைக்காலத்தில் இதைச் செய்வார்கள்.' அதன் பிறகு பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார், வேட்டி என்றால் என்ன, கூழ் என்றால் என்ன...

ஏஜென்ட் முதலில் பேசினார். ``இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டேன். சமையல் குறிப்பா, கதையா என்று தெரியவில்லை.'' ஹாலில் லேசான சிரிப்பு. ஆர்ட் டைரக்டர், ``இதில் பாதியை ஓவியர் ஒரே படத்தில் காட்டிவிடுவார். வேட்டி எப்படி இருக்கும் என்று எழுதவே வேண்டாம்'' என்றார். எடிட்டர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ``எழுதியவர் யாருக்கோ பயந்து எழுதுகிறார்'' என்றார். அவ்வளவுதான். அடுத்த தாளுக்குப் போய்விட்டார்கள்.

காபி கப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெயர் போடாதது எவ்வளவு பெரிய தர்மம் என்று அப்போது புரிந்தது. முதலில் கோபம். பிறகு யோசித்தால், அவர் சொன்னது நிஜம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறாரே, அவருக்குத்தான் நான் கதை முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். `ஆச்சி' என்ற வார்த்தையையே கதையில் எங்கும் போடவில்லை. எல்லா இடத்திலும் `கிராண்ட்மா'.

மதியச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் ஓர் ஓவியர். பிலிப்பைன்ஸில் பிறந்தவர். தன் படங்களின் ஆல்பத்தைக் காட்சி மேஜையில் வைத்துவிட்டு, யாராவது எடுத்துப் பார்க்கிறார்களா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கதை என்ன என்று கேட்டார். சொன்னேன். சாலட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பர் நாப்கினில் பேனாவால் கோடு போட ஆரம்பித்தார். வட்டமாக ஒரு பெரிய கறுப்புக் குடை. அதன் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்: ஒன்று மெட்டி போட்ட கால், இன்னொன்று குட்டி ஷூ. குடை மேலே ஓர் அணில் வால். ஒரு வார்த்தைகூட இல்லை. என் எட்டு விரிப்பும் அதில் இருந்தது.

``நீங்களே வரைந்து தருகிறீர்களா?'' என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். இங்கே அப்படி வழக்கமில்லையாம். எழுதியவர் கதையை மட்டும்தான் அனுப்ப வேண்டும். ஓவியரைப் பதிப்பகம்தான் தேடிப் பிடிக்கும். பல புத்தகங்களில் எழுதியவரும் வரைந்தவரும் புத்தகம் வரும்வரை நேரில் பேசிக்கொண்டதே இல்லையாம். ஆனால், அட்டையில் இருவர் பெயரும் இருக்கும், ராயல்டியை வழக்கமாகச் சரிபாதி பிரித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் நான் படித்த எத்தனையோ கதைப் புத்தகங்களின் படங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வரைந்தவர் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நம்மூர்ப் பதிப்பகங்கள் எல்லாம் கட்டாயம் பார்த்துக்கொள்ளலாம்.

வராந்தாவில் புத்தகக்கடை போட்டிருந்தார்கள். சென்னையில் வளர்ந்த பத்மா வெங்கட்ராமனின் `தி பிரிட்ஜ் ஹோம்' இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது. 2019-ல் வந்த நாவல். சென்னைத் தெருவில் வாழும் நான்கு குழந்தைகளின் கதை. அங்கேயே நின்று இரண்டு அத்தியாயம் படித்தேன். அவர் யாருக்கும் பயந்து எழுதவில்லை. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990-ல் எழுதிய கட்டுரை ஒன்றை இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். குழந்தைக்குப் புத்தகம் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்க ஜன்னல், தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி. நான் செய்துகொண்டிருந்தது ஜன்னல் மட்டும். அதுவும் தெருவில் போகிறவர் பார்க்க வசதியாக, திரையை விலக்கி விட்டு.

மாலையில் எடிட்டரோடு 15 நிமிடம். காலையில் மேடையில் இருந்த அதே எடிட்டர்! தாளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. இருவரும் சிரித்துவிட்டோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. ``இந்தக் கதையில் பாட்டிக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது. வத்தல் காய வேண்டும். குழந்தைக்கு என்ன வேண்டும்?''

``அணிலை விரட்ட வேண்டும்'' என்றேன்.

``அது பாட்டி சொன்ன வேலை. குழந்தைக்கு?''

எனக்குப் பதில் தெரியவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்குள் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகக் கதை அனுப்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அது தெரிந்ததும் திருத்தி அனுப்பச் சொன்னார். வாக்குறுதி எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்டாலும் புத்தகமாகக் கையில் வர இரண்டு, மூன்று வருடம் ஆகலாம் என்பதையும் சொல்லிவிட்டார். என் மகளுக்குப் பத்து வயது ஆகியிருக்கும்!

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, மடித்த வெள்ளைப் புத்தகத்தை மகளிடம் காட்டினேன். மீதி வைத்திருந்த கொஞ்சம் வரிகளைப் படித்தேன். `கிராண்ட்மா' வந்த இடத்திலெல்லாம் `ஆச்சி' என்றே வாசித்தேன். குடைக்குக் கீழே காவலுக்கு உட்கார்ந்த பிள்ளை தூங்கிவிடுகிறாள், அணில் வந்து ஒரு வரிசை வத்தலைத் தின்றுவிடுகிறது என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

``நான் தூங்கலம்மா.''

``தூங்கிட்டதா நீதானே அன்னிக்குச் சொன்ன?''

அவள் கொஞ்ச நேரம் குடை படம் போட்ட நாப்கினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அணிலுக்குப் பசிக்குமே என்று அவள்தான் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாளாம். ஆச்சி திட்டுவாளோ என்று பயந்து தூங்கின மாதிரி கண்ணை மூடிக்கொண்டாளாம். இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

எடிட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் என் வீட்டிலேயே, ஏழு வயதில், பைஜாமா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஊரில் அப்போது விடிந்திருக்கும். அம்மாவுக்கு போன் போட்டேன். மாநாட்டில் கேலிக்கு ஆளானதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அணில் விஷயத்தைச் சொல்லும்போது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள், சொல்லாதே என்று. அதற்குள் சொல்லிவிட்டேன்.

``தெரியுமேட்டி'' என்றாள் அம்மா. ``ஒரு கண்ணைத் தொறந்து பார்த்துக்கிட்டே படுத்திருந்தா. மறுநாள்லேர்ந்து கடைசி வரிசைக்கு மொளகா போடாம ஊத்துனேன். பாவம், அதுக்கு உறைக்கும்லா.''

மகளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆறேழு நிமிடம் பேசியிருப்பார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி ஆங்கிலத்தில். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது அம்மா கேட்டாள்:

``அதென்ன, புஸ்தகத்துல வடாம்னு போட்டிருக்கியாமே? நம்ம வீட்ல யாரு வடாம்னு சொன்னா? வத்தல்னு போடு.''