சாரல் நாட்டில் குளிரூட்டி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வீட்டுக் குளிரூட்டி பழுதாகி நின்றுவிட்டால் அதைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு விடையும் தென்காசியில் வேறொரு விடையும் கிடைக்கும். வேறுபாட்டுக்குக் காரணம் ஆரியங்காவுக் கணவாய்.

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் கேரளப் பக்கத்திலேயே மறித்து, மழையாகப் பிழிந்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து கொடுக்கும் இந்தக் கணவாயிலோ காற்று தன் ஈரத்தோடு புகுந்து வருகிறது. 1904-இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தவர்கள் தேர்ந்த வழியும் இதுதான். மலையேறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. அதிலிருந்து உதிரும் நுண்துளிகள் சமவெளியில் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. குற்றாலத்தார் சாரல் என்று கொண்டாடுவது இயற்பியலின் பார்வையில் ஒரு மாபெரும் ஆவிக் குளிர்விப்பு. இதே காற்றுதான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தென்காசியில் காசி விசுவநாதர் கோவிலின் கோபுர வாயிலில் நுழைவோரை எதிர்கொண்டு தள்ளுகிறது. குறுகிய வழியில் புகும் காற்று விரைவு கூடும் என்பதற்கு அந்த வாயிலைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

ஆகவே ஆனி பிறந்து சாரல் விழுந்தால் இவ்வட்டார வீடுகளில் குளிரூட்டிக்குப் பெரும்பாலும் ஓய்வுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமே குளிரூட்டிக்கு உண்மையான உழைப்புக் காலம்.

எரிசக்தித் திறன் பணியகம் ஒட்டச் செய்யும் நட்சத்திரச் சீட்டோ ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. வெளி வெப்பநிலை 24 முதல் 43 பாகை வரை மாறும் எனக் கொண்டு, ஓர் ஆண்டில் கருவி அகற்றும் வெப்பத்தை அது செலவிடும் மின்னாற்றலால் வகுத்தால் வருவதே பருவத் திறன் விகிதம். 2022-இன் திருத்தப்படி இவ்விகிதம் 5-ஐ எட்டிய கருவிக்கே ஐந்து நட்சத்திரம் தரப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய கருவிக்கு 2.9 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற, பழையது ஏறத்தாழ 1.72 யூனிட் மின்சாரம் உண்ணும். புதியது 1 யூனிட். மிச்சம் 0.72. முழுச்சுமையில் இடைவிடாது ஓடுவதாகக் கொண்ட தோராயக் கணக்கு இது. நடப்பில் மிச்சம் இதனினும் குறையலாம்.

தென்காசி வீடொன்றில் கோடையின் 75 இரவுகளில் இரவுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 450 மணி. மிச்சம் 326 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,600 ரூபாய் சொச்சம். புதிய கருவிக்கு 40,000 ரூபாய் செலவானால் அப்பணம் திரும்பப் பதினைந்து ஆண்டு ஆகும்; அதற்குள் அந்தப் புதியதும் கிழமாகிவிடும். சென்னையில் 1,600 மணி ஓடும் அறைக்கு இதே முதல் நான்கரை ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டணப் படி மேலேறுவதால் மிச்சத்தின் மதிப்பு கொஞ்சம் கூடும். அப்போதும் தென்காசியின் விடை தலைகீழாக மாறிவிடாது.

எனவே 'பத்து வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்' என்ற கடைக்காரரின் அறிவுரையை இந்த ஊரில் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வயதைவிட, ஓடிய மணிக்கணக்கே கருவியின் தேய்மானத்தைச் சொல்லும். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் உப்புக்காற்று வெளியலகின் அலுமினியத் தகடுகளைச் சில ஆண்டுகளிலேயே பொடியாக்கிவிடும். மலை கடந்து வரும் தென்காசிக் காற்றில் அந்தத் தொல்லை இல்லை. இங்குள்ள தொல்லை வேறு. மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வெளியலகில் குளவி கூடு கட்டும். பல்லி மின்னணுப் பலகைக்குள் புகுந்து தானும் கருகி, பலகையையும் கருக்கிவிடும்.

பழுதுகள் ஒரே தரத்தவை அல்ல. வெளியலகின் விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் உறுமுகிறதே தவிர ஓடவில்லை என்றால், பழைய வகைக் கருவிகளில் பெரும்பாலும் குற்றவாளி கெப்பாசிட்டர்தான். சில நூறு ரூபாயில் தீரும் இந்தக் குறைக்காகவே நல்ல கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. உள்ளலகிலிருந்து நீர் சொட்டினால் வடிகுழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். சுருளில் பனி உறைந்தால் வடிகட்டியில் தூசு அடைத்திருக்கலாம்; குளிர்பொருள் குறைந்திருக்கவும் கூடும். இன்வெர்ட்டர் வகையில் மின்னணுப் பலகை போனால் செலவு ஆயிரங்களில் ஏறும். கம்ப்ரஸரே எரிந்துவிட்டால், உத்தரவாதக் காலம் கடந்த பழங்கருவிக்கு அத்தோடு முடிவு கட்டிவிடலாம்.

இவை அனைத்திலும் மிகுதியாக ஏமாற்றுவது 'கேஸ் போடுதல்'. குளிர்பொருள் எரிபொருள் அன்று. ஓட ஓடக் குறைவதில்லை. மூடிய சுற்றில் அது உட்சுருளில் ஆவியாகி அறையின் வெப்பத்தை ஏற்கிறது. கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, வெளிச்சுருளில் மீண்டும் நீர்மமாகி அவ்வெப்பத்தை உமிழ்கிறது. நுண்குழாய் வழியே அழுத்தம் தணிந்து திரும்புகிறது. பல்லாண்டு சுற்றினாலும் அளவு மாறாது. ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். நைட்ரஜனை அழுத்தி, சோப்புநீர் தடவி, ஓட்டையைக் கண்டு அடைத்து, குழாயை வெற்றிடமாக்கி, எடைபோட்டு நிரப்புவதே முறையான பணி. அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறவருக்கு அடுத்த கோடையிலும் வேலை உண்டு.

2010-களின் தொடக்கம் வரை விற்ற கருவிகள் பலவற்றில் ஆர் 22 என்னும் குளோரின் சேர்ந்த குளிர்பொருள் வாயு இருக்கிறது. குளோரின் சேர்மங்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரௌலண்டும் 1974-இல் உணர்த்தினர். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அவ்வழியில் ஆர் 22 படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. ஒரு கிலோ ஆர் 22 வெளியேறினால் 1,810 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வளிமண்டலத்தில் வெப்பத்தைச் சிறைப்படுத்தும். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், மேற்சொன்ன 326 யூனிட் மிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 228 கிலோவைத்தான் தவிர்க்கும். ஒரே ஒரு கிலோக் கசிவு எட்டாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடுகிறது! ஆகவே சுருளிலேயே நுண்துளைகள் விழுந்து, அடைத்தாலும் நிற்காத ஆர் 22 கருவியை மாற்றத்தான் வேண்டும். அதில் ஆர் 32 என்னும் வேறு வாயுவை நிரப்பித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்: ஆர் 32-இன் அழுத்தம் ஆர் 22-ஐப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெய் வேறு, தீப்பற்றும் இயல்பும் சிறிதுண்டு.

புதியது வாங்குவோர் பெரிதாக வாங்குவதும் இங்கே பொருந்தாது. குற்றாலத்து விடுதிகளில் சாரல் காலத்திலும் குளிரூட்டி கேட்போர் உண்டு. அவர்களைத் துன்புறுத்துவது வெம்மை அன்று, ஈரப்பதம். காயாத துண்டும் பிசுபிசுக்கும் படுக்கையும். 1902-இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் வகுத்த முதல் அமைப்பின் நோக்கமும் தாளைக் கெடுத்த ஈரத்தை அடக்குவதே. அறைக்கு மிஞ்சிய டன் அளவுள்ள கருவி விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை இறக்க அதற்கு நேரம் போதாது. சிறிய கருவி நெடுநேரம் மெல்ல ஓடுவதே சாரல் நாட்டு அறைக்கு ஏற்றது.

மாற்ற முடிவு செய்தபின் பழையதைக் கழற்றும் முறையில் கவனம் வேண்டும். ஓடும் நிலையில் இருந்தால், நீர்மக் குழாயின் அடைப்பானை மூடி, வாயு முழுவதையும் வெளியலகுக்குள் ஏற்றி, மறு அடைப்பானையும் மூடிவிட்டு நிறுத்தலாம்; சில நிமிட வேலை. குழாயை வெட்டிக் கழற்றினால் அத்தனையும் காற்றில் கலக்கும். கம்ப்ரஸர் எரிந்த கருவியில் இவ்வழி இயலாது. மீட்புப் பொறியும் உருளையும் உடையவரைத்தான் அழைக்க வேண்டும். சித்திரையில் அவருக்கு நிற்க நேரமிராது. ஆடிச் சாரலில் கூப்பிட்டால் நின்று நிதானமாகச் செய்வார். கூலியிலும் பேச இடமிருக்கும்.