மூடிய பிறகும் ஓடும் வி.பி.என்.: காவலா, களவா?

திரையின் வலது மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தியதும் நிரல் மூடப்பட்டுவிட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் நிரலுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனிப்பிணைய நிரல்களுக்குப் பொருந்தாது. சன்னல் மறைந்த பிறகும் அவற்றின் ஒரு பகுதி கணினிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது வீட்டாருக்குக் காவலாக ஓடுகிறதா, வேறு யாருக்கோ வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த செனாவாங் வட்டாரம் இன்று தொழிற்பேட்டையும் தாமான்களும் நிறைந்த இடம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, இத்தகைய தாமான்களில் வீட்டுக் கணினியே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறியது. அலுவலக வேலைக்காக நிறுவனம் கொடுத்த வி.பி.என். ஒரு பக்கம். விளையாட்டுக்கும் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கும் பிள்ளைகள் இலவசமாக இறக்கிக்கொண்ட வி.பி.என். மறு பக்கம். அவசரத்துக்குப் போட்ட நிரல், அவசரம் தீர்ந்த பிறகும் பல வீடுகளில் அப்படியே தங்கிவிட்டது.

சன்னல் வேறு, சேவை வேறு

வி.பி.என். செய்யும் வேலை எளிமையானது. கணினியிலிருந்து வெளியே போகும் தகவல்களைப் பூட்டி, தன்னுடைய வழங்கிக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்துதான் அவை இணையத்துக்குச் செல்கின்றன. அதனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு வீட்டின் இணைய முகவரி தெரியாது. வழங்கியின் முகவரிதான் தெரியும்.

இதைச் செய்ய, கணினியின் பிணைய அமைப்பையே மாற்ற வேண்டும். அந்த உரிமை சாதாரணப் பயனீட்டாளர் கணக்குக்கு இல்லை. ஆகவே நிரல் இரண்டாகப் பிரிந்து இயங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் சன்னல் ஒன்று. உயர்ந்த உரிமையோடு பின்னால் ஓடும் 'சேவை' மற்றொன்று. பலரும் அறிந்த ஓப்பன்விபிஎன் நிரலும் விண்டோஸ் கணினியில் இப்படித்தான் இயங்குகிறது.

தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். மாலையில் ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டில் இருக்கும் ஜாகா போகமாட்டார். வி.பி.என். சன்னல், அந்த ஆபீஸ். பின்னணிச் சேவை, அந்த ஜாகா.

நேர்மையான நிரலில் ஜாகாவுக்கு அங்கே வேலை இருக்கிறது. பல வி.பி.என். நிரல்களில் 'கில் சுவிட்ச்' என்ற வசதி உண்டு. பூட்டிய இணைப்பு திடீரென அறுந்தால், தகவல்கள் திறந்த வழியில் கசியாதபடி இணையத்தையே அது நிறுத்தி வைக்கும். அதற்கு எந்நேரமும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆகவே பின்னணியில் ஒன்று ஓடுகிறது என்பதாலேயே அதைத் தீயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஜாகாவே கேட்டைத் திறந்துவிட்டால்?

ஆனால் அந்த ஜாகா இரவில் அந்நியர் லாரியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? திருட்டுப் பொருளின் தடயத்தைத் தொடர்ந்து போலீஸ் வந்து நிற்பது தோட்டத்து வாசலில்தான்.

இது வெறும் கற்பனை அல்ல. 2015ஆம் ஆண்டு, ஹோலா என்ற இலவச வி.பி.என். பற்றிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பணம் கட்டாமல் பயன்படுத்தியவர்களின் இணைய இணைப்பை, லுமினாட்டி என்ற சேவையின் வழியாக மற்றவர்களுக்கு அது விற்றுவந்தது. ஓர் இணையத்தளத்தைத் தாக்கவும் அந்த வழி பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது.

அதைவிடப் பெரியது '911 எஸ்5' விவகாரம். அதன் தொடர்பில் 2024 மே 24ஆம் நாள் சிங்கப்பூரில் யுன்ஹே வாங் என்ற 35 வயதுச் சீன நாட்டவர் கைது செய்யப்பட்டார். அமெரிக்க நீதித் துறையின் குற்றச்சாட்டு இதுதான்: இலவச வி.பி.என். நிரல்களுக்குள் தீநிரலை வைத்துப் பரப்பி, ஏறக்குறைய 200 நாடுகளில் வீட்டுக் கணினிகளைப் பிணைத்து, அவற்றின் இணைய முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். பிணைக்கப்பட்ட இணைய முகவரிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். இதில் கிடைத்ததாகக் கூறப்படும் பணம் சுமார் 9 கோடியே 90 லட்சம் அமெரிக்க டாலர். அந்த முகவரிகளின் மறைவில் நின்றுகொண்டு, கோவிட் கால உதவித்தொகைத் திட்டங்களில் மட்டும் பல நூறு கோடி டாலர் மோசடி நடந்ததாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர்.

அந்த நிரல்களின் பெயர்களை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ. வெளியிட்டது: மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., பாலடின் வி.பி.என்., ஷீல்டு வி.பி.என்., ஷைன் வி.பி.என்., ப்ராக்ஸிகேட். முதல் ஐந்தின் பின்னணிக் கோப்புகளின் பெயர்களும் 'எஸ்விசி' என்ற எழுத்துகளில் முடிந்தன. 'சர்வீஸ்' என்பதன் சுருக்கம் அது. நேர்மையான சேவைகளும் அதே சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. பட்டியலில் அப்படி ஒரு பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

விண்டோஸ் கணினியில் இதற்குத் தனி நிரல் தேவையில்லை.

முதலாவது, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் எல்லாம் அதில் தெரியும். அறியாத பெயர் ஒன்றைக் கண்டால், அதன்மேல் வலது சொடுக்குச் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லும் கட்டளையைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நிரலின் கோப்புறையில் அது கிடக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பார்க்க வேண்டும். கணினி விழிக்கும்போதே தானாக விழித்துக்கொள்ளும் நிரல்கள் அங்கே இருக்கும். தினமும் தேவைப்படாத வி.பி.என். அங்கே இருந்தால் அதை முடக்கி வைக்கலாம்.

மூன்றாவது, 'சர்வீசஸ்' பட்டியல். வி.பி.என். சேவை அதில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், யாரும் திறக்காமலேயே அது ஓடும். நம்பகமான நிரலாக இருந்து, எப்போதாவதுதான் தேவைப்படும் என்றால், 'மேனுவல்' என்று மாற்றி வைக்கலாம். மாற்றிய பிறகு நிரல் இணைய மறுத்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

நான்காவது, கணினியின் அமைப்புகளில் இணையப் பயன்பாட்டுக் கணக்கு உண்டு. எந்த நிரல் எவ்வளவு தகவலை இழுத்தது என்பதை அது காட்டும். வீட்டில் யாரும் வி.பி.என். பயன்படுத்தாத மாதத்திலும் அதன் கணக்கு ஏறிக்கொண்டே போனால், லாரி போய்வருகிறது என்று பொருள்.

கொல்வதால் தீராது

டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' என்பதை அழுத்தினால் ஓட்டம் நிற்கும், நிரல் போகாது. பல சேவைகள் சில நொடிகளில் தாமாகவே மறுபடியும் எழுந்துவிடும். கில் சுவிட்ச் போட்ட நிரலை இப்படிப் பாதியில் நிறுத்தினால், இணையமே வராமல் போகவும் கூடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, முதலில் இணைப்பைத் துண்டித்து, பிறகு நிரலை விட்டு வெளியேறுவதே முறை.

வேண்டாத நிரலை அமைப்புகள் வழியாக முழுமையாக நீக்க வேண்டும். பிறகு கணினியை மறுபடியும் இயக்கி, அதே பெயர் பட்டியலில் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் அதைத் தனியாக விடக் கூடாது. கணினி தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது. மேலே சொன்ன ஆறு பெயர்களில் ஒன்று அகப்பட்டிருந்தால், வங்கி மற்றும் மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றிவிட வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், உடனே வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் மட்டும் இவற்றை எல்லாம் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாம். அங்கே ஓடும் வி.பி.என். சேவை நிறுவனத்தின் பொறுப்பு. அதன் கணினிப் பிரிவைக் கேட்பதே முறை.

வி.பி.என். பயன்படுத்துவது தவறு என்பதல்ல இதன் பொருள். பொது இடத்து இணையத்தில் அது நல்ல துணை. ஆனால் வழங்கிகளை நடத்தப் பணம் செலவாகிறது. பயனீட்டாளர் அதைக் கொடுக்கவில்லை என்றால், வேறு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சில நல்ல நிறுவனங்கள், கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டு இலவசச் சேவையையும் நடத்துகின்றன. அப்படி எந்த விளக்கமும் இல்லாத இலவசத்துக்கு விலையாகப் போவது வீட்டின் இணைய முகவரியாக இருக்கலாம்.

ஆண்டு முடிவில் வீட்டைக் கழுவித் துடைக்கும் வழக்கம் தமிழருக்கு உண்டு. அந்த நாளில் பிள்ளைகளோடு கணினியின் முன்னால் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று ஒருமுறை சேர்ந்து பார்த்தாலே போதும். பெயரைத் தட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கப் பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள்.