பனியாற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

மாணவர்களே! பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் இறங்கினால் ஒகேனக்கல். அங்கே காவிரி பாய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? கடினமான பாறை எதிர்ப்பட்டால் பிரிகிறது. பிளவு கிடைத்தால் அதில் விழுகிறது. ஆற்றின் போக்கை அடியிலுள்ள பாறை வகுக்கிறது. பனிக்கட்டியாலான ஆற்றுக்கும் இது பொருந்தும்.

பனிக்கட்டி ஓடுமா? ஓடும். குளிர்ப் பிரதேசங்களில் ஆண்டுக்கணக்கில் விழும் பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகர்கிறது. இதுவே பனியாறு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென் துருவத்துக்கு அருகில் இருந்தபோது, இங்கும் பனியாறுகள் நகர்ந்தன. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூருக்கு அருகே, இரயி என்னும் இடத்தில், பனிக்கட்டி இழுத்துச் சென்ற கற்கள் சுண்ணாம்புப் பாறையில் போட்ட கீறல்களை நிலவியலார் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டனர்.

பாறை மேடுகளைப் பனிக்கட்டி எப்படித் தாண்டுகிறது? ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய கம்பியின் இரு முனைகளிலும் எடைக்கற்களைக் கட்டி, ஒரு பனிக்கட்டியின் மேல் தொங்கவிடுங்கள். கம்பி கட்டியை ஊடுருவிக் கீழே வந்துவிடும், கட்டியோ இரண்டாகாது! அழுத்தத்தால் பனிக்கட்டியின் உருகுநிலை சிறிது குறைகிறது. கம்பிக்கு அடியில் உருகிய நீர் மேலே வந்து மீண்டும் உறைகிறது. இதற்கு மறு உறைதல் என்று பெயர். பாறையிலுள்ள சிறு புடைப்புகளைப் பனியாறு இவ்வாறே கடக்கிறது. பெரிய மேடுகளை வளைந்து கொடுத்துக் கடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ளவையே அதிகம் தடுக்கின்றன.

அடியில் பாறைக்குப் பதில் சேறு இருந்தால்? சேறடித்த வயலில் பரம்புப் பலகை எவ்வளவு எளிதாக வழுக்குகிறது! சேற்றிலுள்ள நீரே எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதால், மண் துகள்களுக்கிடையே பிடிப்புக் குறைகிறது. மேற்கு அண்டார்டிகாவின் வில்லன்ஸ் பனியோட்டத்துக்கு அடியில் நீரில் ஊறிய சேற்றுப் படுகை இருப்பதை, நில அதிர்வலைகளை அனுப்பி எதிரொலி கேட்டு, 1986இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அங்கே சரிவு மிகக் குறைவு. ஆயினும் பனி ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் நகர்கிறது. பக்கத்திலுள்ள பனிமேடுகளோ சில மீட்டரே நகர்கின்றன.

அருகிலுள்ள காம்ப் பனியோட்டமும் ஒரு காலத்தில் விரைந்து ஓடியதுதான். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் அது ஏறக்குறைய நின்றுவிட்டது. அடியிலிருந்த நீர் குறைந்து சேறு இறுகியதே காரணம் எனக் கருதுகின்றனர்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? நிலத்திலுள்ள பனி எவ்வளவு விரைவாகக் கடலைச் சேர்கிறதோ, அவ்வளவு விரைவாகக் கடல்மட்டம் உயரும். சென்னையும் நாகப்பட்டினமும் கடலோரத்தில்தானே இருக்கின்றன? ஆகவே, வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது; பனிக்கு அடியில் இருப்பது பாறையா, சேறா என்பதும் தெரிய வேண்டும்.

அடுத்த முறை ஒகேனக்கல் போகும்போது, நீரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு வழி வகுக்கும் பாறையையும் பாருங்கள்!